பார் பார்க்கப் போனவர்கள்

ஸ்நார்கெலிங் என்ற சொல் போர்க்கப்பலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிகள் முழுசாக மேலே வராமலேயே காற்றை இழுத்துக்கொள்ள ஒரு குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டின. அதற்கு ஷ்னோர்கல் என்று பெயர். போர் முடிந்த பிறகு, கடலில் குப்புற மிதந்தபடி வாயில் கவ்விக்கொள்ளும் ரப்பர் குழாய்க்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை. கடலுக்குள் இறங்குவதற்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. குளித்தல், முங்குதல், மூழ்குதல் எல்லாம் இருக்கின்றன. முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். ஆனால் எதையும் எடுக்காமல் சும்மா பார்த்துவிட்டுத் திரும்புவதற்கென்று ஒரு சொல் உருவாகவில்லை. அப்படி யாரும் இறங்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இப்போது இறங்குகிறார்கள். நான் வசிக்கும் இருங்காட்டுக்கோட்டை, கடல் கண்ணில் படாத ஊர். சிப்காட் வாசல்கள், ஷிஃப்ட் பஸ்கள், லாரிகள், பேச்சிலர் அறைகள். இங்கேயும் வாட்ஸப் குழுக்களில் மாதம் ஒரு முறையாவது டூர் நோட்டீஸ் வந்துவிடும். வெள்ளி இரவு கிளம்பினால் ஞாயிறு இரவு திரும்பலாம். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், அத்தோடு இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு வரி: "தீவுப் படகு சவாரி, பவளப்பாறை பார்க்கலாம்." மத்தியதரைக் கடல் தீவுகளில் பல ஆண்டுகளாக நடக்கும் வியாபாரம்தான். படகில் கூட்டிப்போய், கண்ணாடி மாட்டிவிட்டு, வழிகாட்டி ஒருவர் முன்னால் நீந்த, பின்னால் பத்துப் பேர் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி போவார்கள். நம் பக்கம் அது இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகிறது. ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. இது வளரும் என்றுதான் தோன்றுகிறது. வளர்வதற்குள், இந்தத் தண்ணீருக்குள் இதுவரை யார் யார் பார்த்தார்கள், யாருடைய அனுமதியோடு பார்த்தார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்க நினைக்கிறேன்.

*

மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியவர்களைப் பற்றிய பழைய வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' தருவது. பாண்டியனுக்கு உரிய கொற்கையில் முத்துக் குளிக்கிறார்கள் என்று சொல்லும் அந்தப் பெயர் தெரியாத ஆசிரியர் ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் சேர்க்கிறார். குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள்.

இதை அப்படியே நம்ப வேண்டுமா என்று கேட்கலாம். துறைமுகத்தில் காதில் விழுந்ததை அவர் எழுதியிருக்கவும் கூடும். ஆனால் அவர் காலத்தில் ஒரு வணிகனுக்கு அது நம்பத் தகுந்த செய்தியாக இருந்தது. கடலடியைப் பார்ப்பது தண்டனை. மேலே உட்கார்ந்து, வருவதை எண்ணி வாங்குவதுதான் மரியாதையான வேலை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னும் விவரமாகச் சொல்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு. இந்த மந்திரக்காரர்களைப் பிற்காலக் குறிப்புகள் 'கடல்கட்டி' என்கின்றன. கடலையே கட்டிவைப்பவன்! மார்க்கோ போலோ சொல்லும் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் மீன்கள் தம் விருப்பப்படி தீங்கு செய்யலாம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். எனக்கென்னவோ இது ஒரு இரவுக் காவல் ஏற்பாடாகத்தான் தெரிகிறது. பகலில் கணக்கோடு இறங்குபவனுக்குப் பாதுகாப்பு உண்டு, ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குபவனுக்குக் கிடையாது. கடலுக்குக் கதவு போட முடியாத காலத்தில் அதற்கு இதைவிட மலிவான பூட்டு ஏது?

போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1530களில் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். முத்துப் படுகைகள் யார் கையில் இருக்கும் என்ற சண்டைக்கும் அந்த மதமாற்றத்துக்கும் உள்ள தொடர்பு பலரும் எழுதியதுதான். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர். கொடிகள் மாறினாலும் முத்துக்குளியின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதற்குச் 'சலாபம்' என்று பெயர். சிப்பி விளையும் கடலடிப் பாறைத் தளத்துக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு அப்பால் இன்றும் தொள்ளாயிரம் பார் என்று ஒரு பார் உண்டு. சலாபம் அறிவிப்பதற்கு முன்னால் அதிகாரிகள் சில குளியாட்களை இறக்கி, சிப்பி பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். பாரைப் பார்த்தவன் குளியாள். 'பார்த்தேன்' என்று அறிக்கை எழுதியவர் மேலே படகில் இருந்த அதிகாரி.

குளிக்கிற முறை எளிமையானது, அதனாலேயே கொடுமையானதும். ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. குளியாள் கல்லின் மேல் கால் வைத்து, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு இறங்குவார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள் கொம்பில் செய்த மூக்குக் கிளிப் போட்டுக்கொண்டார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னே பின்னே கீழே இருப்பார். அதற்குள் கையில் அகப்படுவதை அள்ளிப் பையில் போட வேண்டும். கண்ணாடி கிடையாது. உப்புத் தண்ணீரில் வெறும் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். அதாவது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்தக் கடலடியைத் தொட்டவர்கள் அதைத் தெளிவாகப் பார்த்ததே இல்லை. கையும் காலும்தான் அவர்களுக்குக் கண்.

அந்தக் கல்லே அனுமதியின் அளவுகோலாகவும் ஆனது. ஆற்காட்டு நவாபுக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், கோயில்களுக்கு, பரதவர் சாதித்தலைவருக்கு என்று வரியில்லாமல் குளிக்கும் உரிமையைக் கல் கணக்கில்தான் கொடுத்தார்கள். 'எனக்கு இத்தனை கல்' என்றால் அத்தனை குளியாட்களின் மூச்சு எனக்குச் சொந்தம் என்று அர்த்தம்.

இதன் உச்சம் 1905. இலங்கைப் பக்கம் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் முளைத்தது. ஓலைக் கொட்டகைகள், சந்தை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். அந்த ஒரு பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டு இரண்டு குவியல் அரசாங்கத்துக்குப் போனது. அரசுக்குக் கிடைத்த பணம் 25 லட்ச ரூபாய்க்கு மேல். மீதி ஒரு குவியல் மூச்சைப் பிடித்தவர்களுக்கு.

மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசு அந்தப் படுகைகளை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளிலேயே சிப்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் அவ்வப்போது சலாபம் நடந்தது. கடைசியாக நடந்தது 1961இல். அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்துவிட்டிருந்தது.

*

மத்தியதரைக் கடலுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம். காரணம், அந்தக் கல் அங்கேயும் இருக்கிறது. கிரேக்கத் தீவுகளான கலிம்னோஸ், சிமி போன்ற இடங்களில் கடற்பஞ்சு எடுத்தவர்கள் தட்டையான ஒரு கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்து இறங்கினார்கள். நம் ஆட்கள் காலால் மிதித்தார்கள், அவர்கள் கையால் பிடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1900இல் ஆண்டிகிதெரா தீவருகே புகழ்பெற்ற அந்தப் பழங்காலக் கப்பலைக் கண்டுபிடித்ததும் சிமித் தீவுக் கடற்பஞ்சுக்காரர்கள்தான்.

அவர்களிடம் இன்னொரு கருவியும் இருந்தது. அடியில் கண்ணாடி பதித்த தகர உருளை. படகில் குப்புறப் படுத்து, உருளையைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை விட்டுப் பஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிச்சைமூப்பன்வலசைக் கண்ணாடிப் படகின் தாத்தா அந்தத் தகர உருளைதான் என்று சொன்னால் தப்பில்லை. அதைச் செய்தவனுக்குக் கடலை ரசிக்கும் நோக்கமில்லை. வீணாக ஒரு முறைகூட மூழ்கக் கூடாது என்ற கணக்குத்தான் அவனுக்கு.

பார்ப்பதற்காகவே பார்ப்பது என்பது 1930களில் பிரெஞ்சுக் கடற்கரையில் தொடங்கிய வழக்கம். அங்கே வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கை கில்பாட்ரிக், விமானிகள் போடும் பழைய கண்ணாடியின் ஓட்டைகளைப் புட்டியால் அடைத்து மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தார். ஈட்டியால் மீன் குத்துவதுதான் அவர் குறி. ஆனாலும் அவர் எழுதியதில் மீனைவிடப் பார்வைதான் அதிகம் இருந்தது. 1938இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 1936இல் தூலோன் அருகே ழாக் கூஸ்தோ என்ற கடற்படை இளைஞர் முதல்முறை கண்ணாடி மாட்டித் தலையை நீருக்குள் விட்டார். அதன் பின் நடந்தது உலகம் அறிந்த கதை. 1956இல் அவருடைய 'மௌன உலகம்' படம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அதே ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் கடலில் முக்குளிக்கும் ஆசையோடு இலங்கைக்குக் குடிவந்தார். தென்னிலங்கையின் ஹிக்கடுவாவில் கண்ணாடிப் படகுகள் ஓட ஆரம்பித்தன.

ஒரு துண்டுக் கண்ணாடியும் கொஞ்சம் ரப்பரும் செய்த வேலை இது. கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடை காற்று நின்றால் போதும், கலங்கல் விலகிவிடும். அந்த ஒரு விரற்கடை காற்று கொற்கைக் கைதிக்கும் மரிச்சுக்கட்டிக் குளியாளுக்கும் கிடைத்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிடைத்திருந்தாலும் இன்னும் வேகமாக அள்ளத்தான் சொல்லியிருப்பார்கள்.

*

தமிழ்நாட்டுக் கரையில் பார்ப்பதற்காக முதலில் வந்தவர்கள் விலங்கியல்காரர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்து பார்த்ததை 1890இல் வெளியிட்டார். மரிச்சுக்கட்டியில் வேலை செய்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்தார். சங்கைப் பற்றி 1914இல் அவர் எழுதிய நூலை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பாம்பனுக்கு அருகிலிருக்கும் சின்னஞ்சிறு குருசடைத் தீவில் ஒரு உயிரியல் நிலையம் வந்தது. அந்தத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே 1927இல் சென்னை அருங்காட்சியகம் ஒரு தனி வெளியீடு போட்டது. முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் இடையில் நிற்கும் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிரி அங்கே கிடைப்பது மாணவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதன்பிறகு எத்தனையோ தலைமுறை விலங்கியல் மாணவர்கள் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குருசடையின் ஆழமற்ற நீரில் நடந்தார்கள். தமிழ்நாட்டில் 'வழிகாட்டியோடு பவளப்பாறை பார்க்கும் படகுப் பயணம்' என்று ஒன்று முதலில் நடந்தது என்றால் அது கல்லூரி எக்ஸ்கர்ஷன்தான். வழிகாட்டி பேராசிரியர். கையில் ஃபார்மலின் பாட்டில்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பவளப்பாறையை வெட்டி எடுப்பதும் நடந்தது. சுண்ணாம்புக்கு, ஆலைகளுக்கு, வீடு கட்ட. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் சர்ச்சின் சுவரை நெருங்கிப் பாருங்கள். அது பவளக்கல். டூர் பஸ்ஸில் போகும் எல்லோரும் அங்கே செல்ஃபி எடுக்கிறார்கள். கடலுக்குள் போகாமலே அவர்கள் பார்க்கும் முதல் பவளப்பாறை அதுதான், யாரும் சொல்வதில்லை. வெட்டி வெட்டி, வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் பாறை போனால் பின்னாலிருக்கும் மணல் நிற்காது. தூத்துக்குடிக்கு அருகே காரைச்சல்லி தீவு 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அதில் ஒரு சிறு பங்குதான் மிச்சம்.

அதனால் பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது நல்ல காரியம்தான். 2001இல் பவளங்களைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டு மெல்ல மெல்ல நின்றது. எனக்குள்ள சிக்கல் அந்தச் சட்டத்தின் ஒரு சிறு பட்டியலில் இருக்கிறது.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய யாருக்கு எதற்காக அனுமதி தரலாம் என்று சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். காட்டுயிர் ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். இவ்வளவுதான். 'பிழைப்பு' என்ற சொல் அதில் இல்லை. காட்டை நினைத்து எழுதிய சட்டத்தைத் தூக்கிக் கடலில் போட்டால் இப்படித்தான் ஆகும். காட்டுக்கு வேலி உண்டு, ஒற்றையடிப் பாதை உண்டு. கடலில், நேற்றுவரை நீ மூழ்கிய இடம் இன்று காலையிலிருந்து பூங்கா. 1991இல் ஒரு திருத்தம் வந்தது. கடற்பரப்பைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும் என்றது அது. மன்னார் வளைகுடா அறிவிப்பு அதற்கு ஐந்து வருடம் முந்தியது.

அதே 1986இல், சிசிலிக்கு வடக்கே உஸ்திகா என்ற சிறு தீவைச் சுற்றி இத்தாலி தன் முதல் கடல் காப்பகங்களில் ஒன்றை அறிவித்தது. முசோலினி காலத்தில் அரசியல் கைதிகளை அனுப்பிய தீவு அது. அந்தோனியோ கிராம்ஷி 1926 டிசம்பரிலிருந்து சில வாரம் அங்கே இருந்தார். கொற்கை போலவே அங்கேயும் கைதிகள், பிறகு சுற்றுலா. ஆனால் உஸ்திகாவில் கடலை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒன்றில் முழுத் தடை. மற்றவற்றில் உள்ளூர் மீனவருக்கு அனுமதியோடு இடம். படகுப் பயணிகளும் அதே கடலில் நீந்துகிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. உள்ளூர்க்காரன் ஒருவன் இருக்கிறான் என்று காகிதத்திலாவது எழுதினார்களே, அதைச் சொல்கிறேன்.

*

இங்கே அந்த உள்ளூர்க்காரன் பெரும்பாலும் உள்ளூர்க்காரி. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் தொடங்கி ஏர்வாடிப் பக்கம் வரை கரையோரப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கடற்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டிலும் இனிப்புக் கடையிலும் இருப்பது அது. கட்டக்கோரையிலிருந்து வரும் ஆல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சடிப்பது வரை போகிறது. பாசி பாறையில்தான் முளைக்கும். பாறை தீவைச் சுற்றித்தான் இருக்கிறது. தீவு பூங்காவுக்குள் இருக்கிறது.

அவர்கள் போகும் கோலத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மதுரைப் புகைப்படக்காரர் எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் பாரி இணையதளத்தில் இருக்கின்றன. சேலைக்கு மேல் சட்டை, கண்ணில் முக்குளிக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் செருப்பு, இடுப்பில் கட்டிய சாக்கு. துடுப்புக்காலுக்குப் பதிலாகப் பாதத்தில் அலுமினியத் தகடு கட்டிக்கொள்பவர்களும் உண்டு. மூச்சுக்குழாய் ஒன்றைத் தவிர ஸ்நார்கெலிங் கிட் முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. கில்பாட்ரிக் புட்டி வைத்து அடைத்ததைப் போலத் தாங்களே கைவேலையாகச் செய்துகொண்டது.

என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் பையன் ஒருத்தன் பாம்பன் பக்கத்து ஆள். டூர் நோட்டீஸ் வந்தபோது எல்லோரும் அவனிடம்தான் விசாரித்தோம். உன் ஊருதானே, என்னல்லாம் தெரியும், மீன் கடிக்குமா என்று. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா இருவது வருசத்துக்கு மேல அந்தத் தண்ணிக்குள்ளதான் முங்குறாங்கண்ணே. அங்க என்ன இருக்குனு ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. பாசி எவ்வளவு வந்துச்சுனு மட்டும்தான் கேப்போம்." கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா பாக்குறதுக்கு ஐநூறு ரூவாயா?" என்றான். பணம் அதிகம் என்கிறானா, பார்ப்பதற்கே விலை இருக்கிறதா என்று கேட்கிறானா, எனக்குப் பிடிபடவில்லை.

பூங்கா எல்லைக்குள் போனால் பிடிபடுவோம் என்ற பயத்தைப் பற்றி அந்தப் பெண்கள் பல செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வெறுமனே புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, வளர்பருவத்தில் நிறுத்திவைப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். இதற்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கொடுக்கப்பட்டது. தீவுகளைக் காத்ததற்கான உலகப் பரிசு, தீவுக்குப் போகக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு. இதைக் கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. அரசு ஆய்வு நிலையம் சோதனைக்காகக் கொண்டுவந்து, பிறகு பெரிய குளிர்பான நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில் பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பல குடும்பங்களுக்கு வருமானமும் தந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பூங்காவின் எல்லைக்கோட்டைத் தாண்ட அந்தப் பாசி யாரிடமும் சீட்டு வாங்கவில்லை. 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததே, அந்தச் சூடும் வாங்கவில்லை.

*

அப்படியானால் சுற்றுலாப் படகே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கிழக்கே, திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் புறாத்தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. நிஜமான ஸ்நார்கெலிங் படகுகள் ஓடும் தமிழ்க் கரை அதுதான். நிலாவெளியில் படகேறினால் சில நிமிடத்தில் தீவு. இடுப்பளவு தண்ணீரிலேயே பவளம். போர்க் காலத்தில் அநேகமாக யாரும் வராத இடம், 2009க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வரும் இடமாக மாறியது. நீந்தத் தெரியாதவர்கள் பவளத்தின் மேலேயே நடந்தார்கள். உடைந்த துண்டுகள் கரையில் குவிந்து கிடக்கின்றன. பார்க்க மட்டும்தான் வந்தோம் என்பவர்களின் பாதத்துக்கும் எடை இருக்கிறது.

புறாத்தீவைச் சொல்வதற்குக் காரணம், 28ஆம் பிரிவின் பட்டியலில் சுற்றுலா எப்படி இவ்வளவு சுலபமாக இடம்பிடித்தது என்ற கேள்விதான். பார்ப்பவன் எதையும் எடுப்பதில்லை, ஆகவே கேடும் செய்வதில்லை என்ற எண்ணம் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கிறது. எடுப்பவள் கேடு செய்பவள் என்ற எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கொற்கையிலிருந்து 1961 வரை கடலில் இறங்கியவனுக்குக் கடல் சொந்தமாக இருந்ததில்லை. மேலே இருந்தவர்கள் கல்லாகவும் குவியலாகவும் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அவனை இறங்காதே என்று சொன்னதில்லை, அவன் இறங்காவிட்டால் அவர்களுக்கு முத்து இல்லை. இன்று வரலாற்றில் முதல்முறையாக, இறங்குகிறவர் இல்லாமலேயே கடலடியிலிருந்து பணம் வரும் வழி பிறந்திருக்கிறது. மூழ்கத் தெரிந்தவர் தேவைப்படாத கடல்.

தேவைப்படாமலா? குருசடையைச் சுற்றி எந்தப் பாறையில் எந்த மாதம் நீரோட்டம் திரும்பும், எங்கே முள்ளெலி கிடக்கும், எந்த இடத்தில் கால் வைத்தால் பாறை நொறுங்கும் என்று தெரிந்தவர்கள் வழிகாட்டிகளாக இருக்க வேண்டாமா என்பது எனக்கு ரொம்பச் சாதாரணக் கேள்வியாகத்தான் படுகிறது. சூழல் சுற்றுலாவில் உள்ளூர் மக்களைச் சேர்க்கிறோம் என்று திட்டங்கள் சொல்கின்றன. டிக்கெட் கிழிக்கவும் படகு கழுவவும் சேர்ப்பது ஒன்று. தண்ணீருக்குள் முன்னால் நீந்தி, திரும்பிப் பார்த்து, "அங்க மிதிக்காதீங்க தம்பி" என்று அதட்டும் இடத்தில் பாசிக்கார அக்கா ஒருவரை நிறுத்துவது வேறு.

பன்னிரண்டு நாள் கணக்குக்கு வருவோம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்த நாட்களில்தான் நீர் நன்றாக வற்றிப் பாறை கைக்கு எட்டும். மீதி நாளெல்லாம் பாசிக்கு வளர நேரம். ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, ஒரு படகுக்கு ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, வெயில் ஏறும்வரை தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு. டூர் பஸ்கள் வருவது சனி, ஞாயிறு. நிலாக் கணக்கும் வாரக் கணக்கும் ஒன்று சேரும் வாரங்களில், ஒரே கடலில், கொஞ்ச தூர இடைவெளியில் இரண்டு படகுகள் நிற்கும். இரண்டிலும் கண்ணாடி மாட்டியவர்கள்.